வெள்ளைக் காரில் மஞ்சள் தூள்

மார்ச் 9, ஞாயிறு

எதிர்வீட்டுத் தெய்வானை டீச்சரின் பெருங்கொன்றை பூக்க ஆரம்பித்துவிட்டது. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அழகு. காற்று வாட்டத்தில் வெள்ளைக் காரை நிறுத்தி வைத்திருப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். பூ விழுந்தால் பொறுக்கிப் போட்டுவிடலாம். அதிலிருந்து உதிர்கிற மஞ்சள் தூள், மாவு சலித்த மாதிரி கூரை, பானெட், கண்ணாடி என்று ஓர் இடம் விடாமல் படிகிறது. விடியற்காலை ஈரத்தில் ஒட்டியும் கொள்கிறது.

இதைத் துடைக்க ஒரு முறை இருக்கிறது. வறட்டுத் துணியைக் கொண்டுபோனால் பெயின்ட் கீறிவிடும். முதலில் வெறும் தண்ணீர், மேலிருந்து கீழாக. பிறகு ஷாம்பு. பிறகு பழைய வேட்டித் துணி. கண்ணாடிக்கு மட்டும் செய்தித்தாள். நாமக்கல்லில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தாராபுரத்திலிருந்து சம்பந்தி போன் செய்தார். தாரணிக்கு ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு. நாம் வகை வகையாகச் சாதம் கட்டி எடுத்துப்போய், அவர்கள் வீட்டில் விருந்து வைத்துவிட்டு, பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு வரவேண்டும். சொந்தக்காரர்களுக்கு ஒரு வேன் பேசலாம். தாரணி வருவது என் காரில். ஓட்டுவது நான்.

வசந்தாமணி, ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளலாமே என்றாள். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவனில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் கொடுத்தவன் நான். பிரேக் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே டிரைவரா?

மார்ச் 11

கழுவினேன். மதியமே மறுபடியும் மஞ்சள்.

மார்ச் 14, வெள்ளி

கடைவீதி போய் வந்தோம். சாயங்கால வெயில் எதிரே அடித்தபோது முன்கண்ணாடி முழுக்கப் புகை மூடின மாதிரி ஆகிவிட்டது. காலையில்தான் கழுவியது. தூள் அத்தனை நைசாகப் படிகிறது. எதிரே வருகிற லாரிக்காரர்களும் இப்போதெல்லாம் கண் கூசுகிற விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு வட்டம் விரிகிறது. என் காலமாக இருந்தால் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்குள் வண்டியை விடும்போது இடது பக்கக் கண்ணாடி கேட் தூணில் உரசிவிட்டது. அந்தத் தூண் கட்டும்போதே சற்று உள்ளே தள்ளித்தான் கட்டினான். மேஸ்திரியிடம் அன்றைக்கே சொன்னேன்.

வசந்தாமணி இறங்கித் தூணைத் தடவிப் பார்த்தாள். பிறகு, திருச்சி ரோட்டில் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டாள். தூண் உரசியதற்குக் கொத்தனாரைப் பார்க்கவேண்டும், கண் டாக்டரை எதற்குப் பார்ப்பது?

மார்ச் 16, ஞாயிறு

தாரணி போனில் பேசினாள். கால் வீங்குகிறதாம். மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் வேகத்தடையில் பறக்கிறார். முதல் தடவை மூன்றாம் மாதத்தில் தங்காமல் போனதிலிருந்து அவளுக்கு வண்டி குலுங்கினாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிற பழக்கம். டாக்டர் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியும் பயம் போகவில்லை.

"அப்பா, நீங்க ஓட்டுனாத்தான் நான் வருவனுங்க. நீங்க ஓட்டுனா தண்ணி டம்ளர் கூடத் தளும்பாது" என்றாள்.

அது உண்மைதான். போனை வைத்த பிறகு நெடுநேரம் சந்தோஷமாக இருந்தது. வெளியே போய் இன்னொரு தரம் கண்ணாடியைத் துடைத்தேன்.

மார்ச் 17

புது வைப்பர் பிளேடு இரண்டு. கடைக்காரப் பையன் பழசே நன்றாக இருக்கிறது என்றான். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றேன். மாற்றியும் பெரிய வித்தியாசம் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

பல் துலக்கும் பேஸ்ட்டைத் தடவித் தேய்த்தால் கண்ணாடி பளிச்சென்று ஆகும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. தேய்த்தேன். பிறகு எலுமிச்சம்பழம். பிறகு வினிகர். வண்டி ஊறுகாய் ஜாடி மாதிரி மணக்கிறது. மங்கல் போகவில்லை.

காபி கொண்டுவந்த வசந்தாமணியிடம், எவ்வளவு தேய்த்தாலும் பானெட் மஞ்சளாகவே இருக்கிறது பார் என்றேன். அவள் பானெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, வண்டி பாலாட்டம் வெள்ளையாத்தானுங்க இருக்குது" என்றாள்.

அவளுக்கு எப்போதுமே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். தூசி என்றால் கண்ணுக்கு எதிரே வந்து நின்றால்தான் தெரியும்.

மார்ச் 20, வியாழன்

டீச்சரிடம் போய் நேராகவே கேட்டுவிட்டேன். தெருப்பக்கமாக நீட்டியிருக்கிற கிளைகளை வெட்டினால் தேவலை, ஏப்ரல் நாலாம் தேதி பெண்ணைக் கூட்டிவரப் போகிறேன், வண்டி சுத்தமாக இருக்கவேண்டும் என்றேன். அவருக்கு முகம் வாடியது. அரசுப் பள்ளியில் கணக்கு எடுப்பவர், அதிகம் பேசமாட்டார். பாப்பாவுக்காக என்றால் சரி சார், பாத்து வெட்டச் சொல்லுங்க என்றார்.

இவருக்கு நான்தான் கார் லைசென்ஸ் கொடுத்தேன். முதல் தடவை பெயில் போட்டேன். ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தைத் தட்டினார். இரண்டாம் தடவை ஒழுங்காக எடுத்தார்.

மார்ச் 22, சனி

மரம் வெட்டுகிற ஆட்கள் வந்தார்கள். கிளையை மட்டும் வெட்டச் சொன்னேன். வெட்ட வெட்ட ஒரு பக்கம் பாரம் சாய்கிறது என்று மறுபக்கமும் கழித்தார்கள். மதியத்துக்குள் மரம் கம்பமாக நின்றது. அதன் நிழலில் இஸ்திரி வண்டி போட்டிருந்த காத்தவராயன் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். இனி வசந்தாமணி துணியை அங்கே தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

தெரு முழுக்க வெயில். மஞ்சள் தொல்லை விட்டது.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் கழுவினேன். மஞ்சளாகத்தான் இருக்கிறது.

மார்ச் 24

மகரந்தம் வெகு தூரம் பறக்கக்கூடியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு மரங்கள் இருக்கின்றன. கோட்டைக்குப் போகிற வழியிலும் ஒன்று உண்டு. காற்று தெற்கிலிருந்து அடிக்கிறது. அதுதான் காரணம்.

மார்ச் 25, செவ்வாய்

சாப்பிடும்போது பழைய சர்வீஸ் கதை ஒன்று நினைவுக்கு வந்து வசந்தாமணிக்குச் சொன்னேன். டெஸ்ட் கிரவுண்டில் வண்டி ஓட்டச் சொல்வதற்கு முன்னால் தூரத்தில் நிற்கிற ஒரு வண்டியின் நம்பரைப் படிக்கச் சொல்வேன். படித்தால்தான் மேற்கொண்டு டெஸ்ட். சில பயல்கள் காலையிலேயே வந்து, வழக்கமாக நிற்கிற என் ஜீப் நம்பரை மனப்பாடம் செய்துவிடுவார்கள். கண் தெரியாதவன் கூடக் கடகடவென்று ஒப்பிப்பான். அதனால் நான் சத்தமில்லாமல் வண்டியை மாற்றி நிறுத்திவிடுவேன். பிறகு நம்பரைக் கேட்டால் பயல் பழைய நம்பரையே ஒப்பிப்பான். அங்கேயே மாட்டிக்கொள்வான்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்காமல், அப்படி மாட்டினவன் என்ன செய்வான் என்று கேட்டாள். என்ன செய்வான், தலையைக் குனிந்துகொண்டு போவான் என்றேன்.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. டீச்சரின் ஸ்கூட்டர் எதிரே மரத்தடியில்தான் நிற்கும். வாசலில் நின்றே நம்பரைச் சொல்வேன். நாற்பத்தேழு பதினாறு. இன்றும் சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

வண்டியை ஒரு சுற்று விட்டுப் பார்க்கலாம் என்று பரமத்தி வரை போய் வந்தோம். வசந்தாமணியும் வந்தாள்.

இத்தனை வருடத்தில் காரில் ஏறினால் அவள் பேசினதே கிடையாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தால் ஊர் வந்த பிறகுதான் நிமிர்வாள். இன்று என்ன வந்ததோ, வாய் ஓயவில்லை. "முன்னாடி டவுன் பஸ்ஸு நின்னுட்டானுங்க." "அந்த ஆயா ரோட்டைத் தாண்டுதுங்க." "வேகத்தடை வருதுங்க, வெள்ளைக் கோடு அழிஞ்சு போயிருக்குது." "இடது பக்கம் ஒரு சைக்கிளுங்க." போகும்போதும் வரும்போதும் இதே பாட்டு. எனக்கு எரிச்சலாக வந்தது. நான் என்ன புதிதாக வண்டி பழகுகிறேனா என்று கேட்டேன். சும்மா பேசிட்டு வர்றனுங்க, பேசாம வந்தா தூக்கம் வருது என்றாள்.

ஆனால் வண்டி நன்றாகத்தான் ஓடியது. எங்கும் குலுங்கவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவள் நேராகச் சமையலறைக்குப் போய்ச் சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். கழுத்தெல்லாம் வேர்வை. வெயில் காலம்.

ஏப்ரல் 1

தாரணி மறுபடி போன். பை எல்லாம் கட்டி வைத்துவிட்டாளாம். பேசி முடித்ததும் வசந்தாமணி போனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். அம்மாவும் பெண்ணும் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வீடு முழுக்கப் புளியும் நல்லெண்ணெயும் மணக்கிறது. புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், எள்ளுச் சாதம், தயிர்ச் சாதம். வசந்தாமணியின் தங்கைகள் வந்திருக்கிறார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. கார் கழுவினேன். கண்ணாடியை உள்ளேயும் துடைத்தேன், வெளியேயும் துடைத்தேன். செய்தித்தாள் தீர்ந்துபோய் டீச்சர் வீட்டில் வாங்கினேன்.

சாயங்காலம் வசந்தாமணி டீச்சர் வீட்டுக்குப் போய் வந்தாள். குங்குமம் கொடுக்க என்றாள்.

ஏப்ரல் 5, சனி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் வேன் முன்னால் போய்விட்டது. சாதப் பாத்திரங்கள் காரின் டிக்கியில். நான் குளித்து, வெள்ளை வேட்டி சட்டையில் வந்து கடைசியாக ஒரு தரம் முன்கண்ணாடியைத் துடைத்தேன். வசந்தாமணி பட்டுச்சேலையில் வாசலில் நின்றாள். ஏறு என்றேன். ஏறவில்லை.

"ஏனுங்க, எதிர்ல நிக்கிற ஸ்கூட்டர் நம்பரைச் சொல்லுங்க. சொல்லிட்டா நான் வாயே தொறக்காம ஏறிக்கறனுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்ல காரியத்துக்குப் போகிற நேரத்தில் என்ன விளையாட்டு என்றேன். அவள் அசையவில்லை. சரி என்று மரத்தடியைப் பார்த்தேன். ஸ்கூட்டர் நின்றது. நாற்பத்தேழு பதினாறு என்றேன், கடகடவென்று.

அவள் முகம் அப்படியே சுண்டிப்போனது. தோற்றது அவள் என்கிற மாதிரி நின்றாள்.

"அது டீச்சரம்மா வண்டி இல்லீங்க. அவங்க கொழுந்தனாரு வண்டி. நேத்துச் சாயங்காலம் நாந்தான் மாத்தி நிறுத்தச் சொன்னேன்" என்றாள்.

நான் தெருவைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் போய்க் குனிந்த பிறகுதான் எழுத்து தெரிந்தது. வேறு நம்பர். வண்டியே வேறு நிறம். டீச்சருடையது சிவப்பு, இது ஊதா. அதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நிமிர்ந்தபோது மொட்டையாக நின்ற மரம் கண்ணில் பட்டது.

டீச்சர், சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு வீட்டிலிருந்து வந்தார். லீவு போட்டிருக்கிறார் என்று வசந்தாமணி சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு சாவியைக் கொடுத்தேன்.

போகும்போது முன் சீட்டில் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளட்ச் மிதிப்பதிலும் வளைவில் திருப்புவதிலும் குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

விருந்து நன்றாக நடந்தது. தாரணி கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். புறப்படும்போது டிரைவர் சீட்டில் டீச்சரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். எதுவும் கேட்கவில்லை. வசந்தாமணி முன்பே சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. அப்பா பின்னால என்கூட உக்காருங்க என்று மட்டும் சொன்னாள். வசந்தாமணி முன்னால் போனாள். தாரணி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

கரூர் தாண்டி பரமத்தி வேலூர்க் காவிரிப் பாலம் ஏறுவதற்கு முன்னால் வண்டி மெதுவாக வேகம் குறைந்தது. பொழுது இறங்குகிற நேரம், ஆனால் வெளிச்சம் இருந்தது. எதிரே ரோடு காலியாக இருந்தது. எதற்கு டீச்சர் ஸ்லோ பண்றீங்க, காலியாத்தானே கெடக்குது என்றேன். டீச்சர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வசந்தாமணி திரும்பவில்லை. வண்டி வலது பக்கம் ஒதுங்கி ஊர்ந்தது.

ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அச்சு முறிந்து பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு கரும்பு டிராக்டர் நின்றது. பின்னால் ஒரு விளக்குக் கிடையாது. கரும்பின் நுனிகள் கார் ஜன்னலைத் தடவிக்கொண்டு போயின. நான் ஓட்டியிருந்தால் நேராக அதற்குள் விட்டிருப்பேன். தாரணி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வீடு வரை தாரணியின் கையை விடவில்லை. எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை. நன்றாக முற்றிவிட்டதாம். மஞ்சளாகத் தெரிவது, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவது எல்லாம் அதனால்தான் என்று டாக்டர் சொன்னார். இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். வசந்தாமணி என்னைப் பார்த்தாள். கார் கழுவினேன் என்று சொல்ல முடியுமா?

ஏப்ரல் 16

வலது கண் ஆபரேஷன் முடிந்தது. வலி இல்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் முதலில் காரைத்தான் பார்த்தேன். வெள்ளை. பால் என்று அவள் சொன்னது சரிதான்.

பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். சுத்தமாக இருந்ததைத் தேய்த்துத் தேய்த்து நானே போட்டது. இடது பக்கக் கதவில் முன்னிருந்து பின்வரை ஒரு நீளக் கோடு. தூணில் ஒரு தரம் அல்ல, பல தரம் உரசியிருக்கிறது. தூண் நேராகத்தான் இருக்கிறது.

டீச்சர் மரத்தைப் பார்க்க மனசு வரவில்லை. உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

காத்தவராயனைத் தேடிப்போய், வண்டியை எங்கள் கார் ஷெட்டுக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னேன். கார் எங்கே நிற்கும் சார் என்றான். வெயிலில் நிற்கட்டும் என்றேன். வந்துவிட்டான்.

மே 14

இடது கண்ணும் முடிந்தது.

மே 26

மரத்தின் மொட்டைத் தலையில் கொத்துக் கொத்தாகத் தளிர். தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் சாகற மரம் இல்லீங்க சார் என்றார் டீச்சர். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். போகட்டும் விடுங்க, ரெண்டு வருஷத்துல மறுபடியும் உங்க காரு மேல கொட்டும் என்றார். கொட்டட்டும்.

ஜூன் 11, புதன்

காலையில் தாரணிக்கு வலி கண்டது. மாப்பிள்ளை தாராபுரத்திலிருந்து வந்து சேர நேரமாகும். வசந்தாமணி பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் சாவியை எடுத்தேன். டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொல்லிப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் நின்றேன். வாசலுக்கு வந்து எதிரே பார்த்தேன். டீச்சர் வீட்டின் முன்னால் யாரோ பால்காரரின் மொபெட் நின்றது. முன்னே பின்னே பார்த்திராத வண்டி. நம்பரைச் சத்தமாகப் படித்தேன், எழுத்து விடாமல்.

வசந்தாமணி படியிறங்கி, தெருவைத் தாண்டி, மொபெட்டின் பின்னால் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்தாள். தாரணி வலியோடு சிரித்தாள்.

கார் கழுவி மூன்று நாளாகியிருந்தது. கண்ணாடியில் தூசி இருந்தது. வைப்பரை ஒரு தரம் போட்டேன், போதுமாக இருந்தது. தாரணியைப் பின் சீட்டில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு வசந்தாமணி முன்னால் ஏறினாள். திருச்சி ரோட்டில் நல்ல கூட்டம். டவுன் பஸ்கள், சைக்கிள்கள், ரோட்டைத் தாண்டுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒவ்வொரு வேகத்தடையிலும் எறும்பு மாதிரி ஏறி இறங்கினேன்.

வசந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.